திரையில் வந்தவர் என் பெயரைச் சொன்னார்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
8 செப்டம்பர் 2025

கார்குழலிக்கு,

உன் தம்பி ராஜ்கமலின் கல்யாணத்தில் நான் மயங்கி விழவில்லை. இதை முதலில் தெரிந்துகொள். பெண் வீட்டாரைப் பிடிக்காமல் பாதியில் எழுந்து போனேன் என்பதும் பொய். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கும் குடும்பத்தில் பெண் எடுத்ததால் கான்வென்டில் படித்தவளுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றிவிட்டது என்று உன் சித்தி நிர்மலாதேவி போகிற வீட்டிலெல்லாம் சொல்லி வருகிறாளாம். மருமகள் பூவிழியை எனக்குப் பிடித்திருக்கிறது. என் காப்பிக்குச் சர்க்கரை கூடாது என்பதை வந்த மறுநாளே கற்றுக்கொண்டாள். உன் சித்திக்கு அது இன்னும் தெரியாது.

நடந்ததை எழுதுகிறேன். நீ வரவில்லை, ஆகையால் உனக்குச் சொல்பவர்கள் சொன்னதுதான் தெரிந்திருக்கும்.

தாலி கட்டி முடிந்தது. திடீரென்று மண்டபத்தில் விளக்கையெல்லாம் அணைத்தார்கள். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் உன் அப்பா நடந்து வந்தார். வாழ்நாளில் போட்டுக்கொள்ளாத கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். இறந்துபோன மனிதர் கையை உயர்த்தி மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆசீர்வதித்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி, "கமலவேணி, நீ அழக்கூடாது. நான் உன் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார்.

மண்டபமே கை தட்டியது. பெண்கள் அழுதார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். எல்லாரும் நான் என்ன செய்வேன் என்று என் முகத்தையே பார்த்தார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் காவலுக்கு இருந்தவன், "இன்னா ஆயா, சாப்புடாம போறியா?" என்று கேட்டான். நான் யாருக்கும் ஆயா இல்லை என்று அவனுக்குச் சொல்லக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மண்டபத்திலிருந்து என் காலால் நடந்துதான் வெளியே வந்தேன்.

மறுநாள் ராஜ்கமலைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். "அக்காதாம்மா அப்பா குரலக் குடுத்துச்சி. அது இதத்தான படிச்சிருக்கு. தப்புன்னா குடுக்குமா?" என்றான்.

பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பத்தையும் அறத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறாய் என்று இத்தனை வருடங்களாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நீயா கொடுத்தாய்? ஆம் அல்லது இல்லை என்று எழுது. போன் செய்யாதே. அன்றிலிருந்து போனில் வரும் எந்தக் குரலையும் கேட்க எனக்கு மனமில்லை.

கமலவேணி


லியோன்
25 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆம். நான்தான் கொடுத்தேன்.

ஒரு சொல்லில் பதில் கேட்டீர்கள். கொடுத்துவிட்டேன். இனி நான் சொல்வதையும் கொஞ்சம் படியுங்கள்.

நான் இங்கே வந்த புதிதில் அப்பா எனக்குக் கேசட்டில் பேசி அனுப்புவாரே, அந்தக் கேசட்டுகளை வைத்துத்தான் கணினியில் அவர் குரலைச் செய்திருக்கிறார்கள். தறியில் விரல் போன பிறகு அவருக்குப் பேனா பிடிக்க வரவில்லை, அதனால் டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவார். கேசட் எல்லாம் பூசணம் பிடிக்கத் தொடங்கியபோது நான் அவற்றைக் கணினியில் ஏற்றி வைத்தேன். ராஜ்கமல் கேட்டான். "அப்பா இல்லாம என்னால மேடையில நிக்க முடியாதுக்கா" என்று அழுதான். அப்பா போனபோது அவன் கல்லூரிகூட முடிக்கவில்லை, உங்களுக்குத் தெரியும். பூவிழியும் மாமனாரைப் பார்த்ததே இல்லை.

நான் யோசிக்காமல் கொடுக்கவில்லை, அம்மா. இப்படிப்பட்ட காரியங்களை அனுமதிக்கலாமா என்று கேட்டுப் பார்க்கும் குழு ஒன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் நானும் ஓர் உறுப்பினர். அங்கே கேட்கிற கேள்விகளையெல்லாம் தம்பியிடமும் கேட்டேன். யார் பார்ப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்களா, அப்பா சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்ல வைப்பார்களா. ஆசீர்வாதம் மட்டும்தான் என்றான். இறந்தவரின் குரலைத் தொட நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்த நெருங்கிய உறவு நான்தான் என்று எண்ணிவிட்டேன். ஒவ்வொரு கேசட்டும் "குழலி" என்றுதான் ஆரம்பிக்கும். அவை எனக்குப் பேசியவை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த வருடம் அந்தக் கேசட்டுகளை உங்களுக்குப் போட்டுக் காட்டவா என்று கேட்டேன். "உங்கிட்ட பேசுனது எனக்கு எதுக்கு?" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. இப்போது உங்களிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று குற்றம் சொல்கிறீர்கள்.

வீடியோவை ராஜ்கமல் எனக்கு அனுப்பினான். அழகாகத்தான் இருந்தது. கோட்டு மட்டும் எனக்கும் ஒட்டவில்லை. உங்களை இவ்வளவு புண்படுத்தியது எது என்று உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. நேராகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் பருவத்தில் என் மாணவர்களுக்கு, இறந்தவரின் குரல் யாருக்குச் சொந்தம் என்ற பாடம் வருகிறது. ஊர் பெயர் சொல்லாமல் இந்த நிகழ்ச்சியை வகுப்பில் பேசலாமா? உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன்.

உங்கள் மகள்,
கார்குழலி


முதலியார்பேட்டை, புதுச்சேரி
13 அக்டோபர் 2025

கார்குழலிக்கு,

வகுப்பில் பேசக்கூடாது. சம்மதம் கேட்கக் கற்றுக்கொண்டதற்குச் சந்தோஷம். சரியான காரியத்துக்கு அதைக் கேட்டிருக்கலாம்.

நான் மேரியில், நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவில் வேலை பார்த்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒரு சாவைப் பதிய வருகிறவர் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். தான் அறிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். இறந்தவர் கடைசியாக இன்னது சொன்னார் என்று ஆரம்பித்தால் எங்கள் பெரிய குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அது பதிவில் ஏறாது. உங்கள் குழுவில் இவ்வளவு எளிய விதி இல்லையா?

என்னைப் புண்படுத்தியது எது என்று கேட்டாய். உன் அப்பா ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மதிப்பு இல்லாததால் என்று நினைத்துவிடாதே. உன் அப்பாவின் வீட்டில் ஆண்கள் மனைவியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நானும் அவர் பெயரைச் சொன்னதில்லை. பதிவு அலுவலகத்தில் அவருடைய சாவைப் பதிந்த அன்று, ஆதிமூலம் என்று என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் முதலும் கடைசியும். எங்களுக்குள் வேறொரு முறை இருந்தது. அது என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

அந்த வீடியோ செய்த கடைக்குப் போனேன். எடுத்துவிடச் சொல்லத்தான் போனேன், ஏனென்றால் அவர்கள் அதை மாதிரிக்கு என்று போனில் ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தவளக்குப்பம் சந்தைக்குப் போனால் கீரை விற்கும் ஆயம்மா அதை வைத்துக்கொண்டு, "செத்த மனுசன் பேரு சொல்லிக் கூப்புடுறாரு. என் வூட்டுக்காரன் உசுரோட இருக்கான், ஏய்ங்கிறத தாண்டல. நீ குடுத்து வச்சவம்மா" என்கிறாள். பக்கத்துக் கடைக்காரிகள் சிரிக்கிறார்கள். நான் முளைக்கீரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் மஹீரா என்று ஒரு பெண். மரியாதையான பெண், நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டீர்கள் என்றேன்.

"கேசட்ல உங்கம்மா உங்கம்மான்னுதான் ஆண்ட்டி வருது. உங்கள நேரா கூப்புட்டது ஒண்ணுகூட இல்ல. அதான் உங்க பையன்கிட்ட பேரு கேட்டுப் போட்டோம். பேரு சொன்னாத்தான் மனசத் தொடும். எல்லாருக்கும் அந்த இடந்தான் புடிச்சிருக்கு" என்றாள்.

அவர் அப்படிக் கூப்பிடமாட்டார் என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போய்விட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு, "அப்போ எப்பிடிக் கூப்புடுவாரு, சொல்லுங்க ஆண்ட்டி. அதையே போட்டுத் தரேன். குரல் இருக்கு, சின்ன வேலைதான்" என்று சொல்லி விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வாயைத் திறந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அன்போடுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எழுந்து வந்தேன். எடுத்துவிடச் சொல்ல வந்ததையும் சொல்ல மறந்துபோனேன்.

இங்கே வீட்டிலும் அதே கதைதான். பூவிழி தன் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் டீவியில் அதைப் போடுகிறாள். நான் அடுக்களைக்குள் போய்விடுகிறேன். அடுக்களையில் நின்றாலும் காதில் விழுகிறது. "மாமா உங்கள இன்னான்னு கூப்புடுவாரு அத்தை?" என்று அவளும் ஆசையாகக் கேட்டாள். பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

நீ படித்தவள். உன் துறையே இது. இதை ஊர் கண்ணிலிருந்து எடுக்க என்ன செய்ய வேண்டுமோ செய். உன் அப்பாவின் பழைய குரல் உன்னிடம் அப்படியே இருக்கிறதென்றால் அதை அனுப்பு. முன்பு வேண்டாம் என்றேன். இப்போது வேண்டும்.

கமலவேணி


லியோன்
9 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அப்பா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது வீடியோவைப் பார்த்தபோது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கும் கண்ணீர்தான் வந்தது.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். ராஜ்கமலிடம் பேசினேன். கோபித்துக்கொண்டான். "எல்லாரும் சந்தோசமா இருக்கச்சொல்ல உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் இன்னா?" என்றான். ஆனாலும் கடைக்குப் போய்ச் சொன்னான். கடைக்காரர்கள் தங்கள் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிட்டார்கள். மஹீரா உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாளாம். அதற்குள் அதைப் பலரும் தங்கள் போனில் இறக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பாட்டுச் சேர்த்து மறுபடியும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. ஒன்றைப் பற்றிப் புகார் எழுதினால் இன்னொன்று வருகிறது.

குரலைச் செய்து கொடுக்கிற மென்பொருள் நிறுவனத்துக்கும் எழுதினேன். நான் இன்ன பல்கலைக்கழகம், இன்ன பொறுப்பு என்றெல்லாம் போட்டு எழுதினேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று அந்த நொடியே பதில் வந்தது. அதை மனிதர் எழுதவில்லை. திரும்ப எழுதினேன். அதே பதில், அதே வருத்தம். அப்பாவின் குரல் அவர்களிடம் எந்த உருவத்தில் இருக்கிறது, அதை அழிக்க முடியுமா என்று சொல்வதற்கு ஆள் இல்லை.

நான் கற்பிப்பதெல்லாம் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள், அம்மா. செய்து முடித்த பிறகு என்ன செய்வது என்று என்னிடம் பாடம் இல்லை. அந்த வகுப்பை நான் எடுக்கவில்லை. வேறொருவரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வருகிறது. கேசட்டில் இருந்தது இருந்தபடியே அதில் இருக்கிறது. மில் சங்கு, தெருவில் போகும் ஐஸ் வண்டி மணி, அப்பாவின் இருமல் எதையும் நான் தொடவில்லை. கடைக்காரர்கள் இருமலை இரைச்சல் என்று நீக்கிவிட்டிருந்தார்கள். இது அவருடைய உண்மையான குரல். என் வார்த்தையை நம்புங்கள்.

அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று நான் கேட்கப் போவதில்லை.

உங்கள் மகள்,
குழலி


முதலியார்பேட்டை, புதுச்சேரி
6 டிசம்பர் 2025

அன்புள்ள குழலிக்கு,

பென் டிரைவ் பத்திரமாக வந்து சேர்ந்தது. பூவிழி அதை டீவியில் பொருத்திக் கொடுத்தாள். வெளியே போ என்று சொல்ல நினைத்தேன், ஆனால் நிறுத்தவும் போடவும் எனக்குத் தெரியாது. அதனால் அவளும் உட்கார்ந்தாள்.

முதல் கேசட் ஆரம்பித்தது. ஒரு ஆள் கரகரத்த குரலில் "குழலி, நல்லா இருக்கியாம்மா" என்றார். இடையிடையே இருமினார். மூச்சு வாங்கினார். குரல் நான் நினைத்ததைவிடச் சன்னமாக இருந்தது. பூவிழி, "இது யாரு அத்தை? மாமா மாதிரியே இல்லியே" என்றாள்.

அவளைத் திட்டினேன். அதிகமாகவே திட்டிவிட்டேன், பாவம், அழுதுகொண்டு உள்ளே போனாள். உனக்கு மட்டும் உண்மையை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இது யார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த இருமலோடு வருடக்கணக்காகப் படுத்து எழுந்தவள் நான். இப்போது திரையில் இருமாமல் பேசியவரைத்தான் என் காது அவர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நீ அனுப்பியது உண்மையானது என்று உன் வார்த்தையை நம்புகிறேன். என் காது நம்பவில்லை.

எல்லாக் கேசட்டையும் கேட்டேன். என்னைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். உங்கம்மா பிரெஞ்சில் கணக்குப் போடுகிறாள், உங்கம்மா என் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறாள் என்றெல்லாம். எனக்குத் தெரியாது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றைக் கவனித்தாயா? பல கேசட்டுகள், "உங்கம்மா வராப்பல கீது, நிறுத்திக்கிறேன்" என்று முடிகின்றன. உடனே டக்கென்று பொத்தான் சத்தம். நான் உள்ளே வருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. அவர் என்னிடம் பேசியது எதிலும் இல்லை. மஹீரா சொன்னது சரிதான்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றதை இப்போது உனக்கு எழுதுகிறேன். இனி ஒளித்து வைத்து என்ன பயன்?

மில்லிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "இருக்கியா?" என்பார். அவ்வளவுதான். அதுதான் என் பெயர். நான் பதில் சொல்ல மாட்டேன். அடுக்களையில் கரண்டியையோ டம்ளரையோ கொஞ்சம் சத்தமாக வைப்பேன். பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். நான் மேரியிலிருந்து வரத் தாமதமான நாட்களில் வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்திருப்பார் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள்.

அவர் போன பிறகும் சாயங்காலங்களில் அது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பைத்தியம் என்று நினைக்காதே. நினைவில் கேட்பதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் மாறிவிட்டது. இப்போது சாயங்காலம் நினைத்துப் பார்த்தால் அந்தச் சுத்தமான குரல் வருகிறது. "கமலவேணி, இருக்கியா?" என்கிறது. இருமல் இல்லை. பெயரை எடுத்துவிட்டுக் கேட்கப் பார்க்கிறேன், முடியவில்லை. டம்ளரை வைக்கக் கை வருவதில்லை. முன்பின் தெரியாத ஆளுக்கு எப்படிப் பதில் கொடுப்பது?

ராஜ்கமலிடம் கேட்க முடியாது. அவனுக்கு இப்போது அந்த வீடியோதான் அப்பா. பூவிழி பார்த்ததே இல்லை. மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டு, நீ வெளிநாடு போகும் வரைக்கும் தினமும் அதைக் கேட்டிருக்கிறாய்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவர் அதை எப்படிச் சொல்வார் என்று எழுது. கடைசியில் இழுப்பாரா, வெட்டி நிறுத்துவாரா? இருமல் முன்னால் வருமா, பின்னால் வருமா? உரக்கச் சொல்வாரா, தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொல்வாரா? போனில் சொல்லிக் காட்டாதே. பேசி அனுப்பாதே. உன் கையால் எழுது.

நினைவு இருக்கிற மட்டும் எழுது. நினைவில்லாத இடத்தை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிரப்பாதே. ஒன்றுமே நினைவில்லை என்றால், நினைவில்லை என்று ஒரு வரி எழுது. அதையும் நான் வாங்கிக்கொள்வேன்.

தபாலில் பதில் போடு.

அம்மா